வெள்ள உதவி சாட்பாட்: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் தன்னார்வக் குழு வெள்ளக் காலத்துக்காக ஒரு ஏஐ சாட்பாட் செய்துகொண்டிருக்கிறது. நேற்று சோதனைக்காக, "தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு, அம்மாவால நடக்க முடியாது" என்று அனுப்பிப் பார்த்தேன். நாங்கள் கொடுத்த பட்டியலிலேயே இல்லாத ஒரு முகாமின் முகவரியை அது அடித்துச் சொன்னது. யாராவது அதை நம்பித் தண்ணீரில் இறங்கியிருந்தால்? இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

சரிபார்த்த பட்டியலைத் தாண்டி அது வாய் திறக்காமல் இருக்க என்ன செய்யலாம்? உயிருக்கு ஆபத்து என்று தெரிந்த நொடியில் பேச்சை ஒரு மனிதரிடம் மாற்றிவிட வேண்டும் என்பது என் கருத்து. அப்படிச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? ஜகார்த்தாவில் 2014-ல் தொடங்கிய பெட்டாஜகார்த்தா திட்டத்தில், ட்விட்டரில் வெள்ளம் பற்றி எழுதியவர்களுக்குத் அப்போது தானாகப் பதில் போனது, இடத்தோடு உறுதிப்படுத்தச் சொன்னது. அதுபோல் கேள்வி மட்டும் கேட்டால் போதுமோ என்றும் தோன்றுகிறது.

அப்புறம் எஸ்எம்எஸ். இணையம் போய்விட்டால் அதுதான் கதி. ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் ஒரு செய்தியில் தமிழுக்கு 70 இடம்தான். 'கொ' என்று எழுதினாலே இரண்டு போய்விடும். சுருக்கமாக, தெளிவாக எழுதத் தெரிந்தவர்கள் மாதிரி வாசகங்கள் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.