9,000 ரூபாய் குறைத்துப் போட்டிருக்கிறார்கள், திரும்பி வருமா? (அவசரம்)

கரிக்கோல்_மதுரை · 18 ஜூன் 2025, இரவு 11:42

வணக்கம். படம் வரைவதுதான் தொழில், வேறு வேலை கிடையாது. ஒரு கம்பெனிக்கு வரைந்து கொடுத்ததில் 9,000 ரூபாய் குறைத்துப் போட்டிருக்கிறார்கள். கேட்டால் "பிடித்தம், அப்படித்தான்" என்கிறார் அங்கே அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர், அப்புறம் போனே எடுப்பதில்லை. இது திரும்பி வருமா வராதா? இன்னொன்று, வருஷம் பூரா வரைகிறேன், முகூர்த்த மாசத்தில் இரண்டு நாளைக்கு ஒரு ஆர்டர் வருகிறது, ஆனாலும் 20 தேதிக்கு மேல் ஜிபேயைத் திறக்கவே பயமாக இருக்கிறது, டேப்லெட் டியூ வேறு மாசம் 3,150. எங்கே ஓட்டை என்றே புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பானு_ஈரோடு · இரவு 11:58

எவ்வளவு பில்லில் 9,000? பத்தாயிரத்திலா, லட்சத்திலா? அதைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது.

மீம்ஸ்_மாறன் · காலை 6:10

ஜிஎஸ்டி பிடித்திருப்பார்கள் ப்ரோ. எனக்கும் ஒரு தடவை இப்படித்தான்.

கணக்குப்பிள்ளை · காலை 7:25

ஜிஎஸ்டி என்பது நாம் பில்லில் சேர்த்து வாங்குவது, தனியார் கம்பெனி நம்மிடம் பிடிப்பது அல்ல. காலங்காத்தாலே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேள்வி கேட்டவருக்கு: பில் தொகை இல்லை, தேதி இல்லை, பேன் (வருமான வரி எண்) கொடுத்தீர்களா என்று இல்லை, வருஷ வருமானம் இல்லை. டாக்டரிடம் போய் "வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்களா? இதே டிடிஎஸ் (பணம் தருகிறவரே முன்கூட்டி வரி பிடிப்பது) விஷயத்தை இங்கே எத்தனை தடவை எழுதியாயிற்று, தேடிப் பார்க்கிற பழக்கமே யாருக்கும் இல்லை.

மியூச்சுவல்_முத்து · காலை 8:02

பிரச்சினையே சேமிப்பு இல்லாததுதான். மாசம் 2,000-க்கு ஒரு எஸ்ஐபி (மாசத் தவணையில் மியூச்சுவல் ஃபண்ட்) போடுங்க, தானாக ஒழுங்கு வந்துவிடும்.

பானு_ஈரோடு · காலை 8:09

20 தேதிக்கு மேல் கையில் காசே இல்லை என்கிறார், நீங்கள் எஸ்ஐபி என்கிறீர்கள். அந்தத் தவணையும் திரும்பிவிட்டால் பேங்க் அபராதம் யார் கட்டுவது?

கரிக்கோல்_மதுரை · மதியம் 1:15

மன்னிக்கவும், தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன். 15 படம், படம் 3,000, மொத்தம் 45,000. பிப்ரவரியில் பில். வந்தது 36,000. பேன் நம்பர் பில்லிலேயே இருக்கிறது. போன நிதியாண்டில் எல்லாம் சேர்த்து 5.4 லட்சம் வந்திருக்கும், ஜிபேயில் கூட்டிப் பார்த்தேன். ரிட்டர்ன் இதுவரை போட்டதில்லை. கல்யாண ரிசப்ஷனில் லைவ் கேரிகேச்சர் (அங்கேயே வந்தவர்களைக் கேலிச் சித்திரமாக வரைவது), அது போக புத்தக அட்டை.

வாரியப்பன் · மதியம் 1:40

கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துவிட்டீர்களா? முதலில் அதைச் செய்யுங்கள்.

பானு_ஈரோடு · மதியம் 2:03

45,000-க்கு 9,000 என்றால் 20 சதவீதம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்த மாதிரி வேலைக்கு வருமான வரிச் சட்டம் 194ஜே பிரிவில் 10 சதவீதம் பிடித்திருந்தால் 4,500 தான் போயிருக்கும். 20 என்றால் அனேகமாக இரண்டே காரணம். ஒன்று பேன் அவர்கள் கையில் இல்லை, நீங்கள் கொடுத்தேன் என்கிறீர்கள். இன்னொன்று பேன் செயலிழந்து கிடக்கிறது, அதாவது ஆதாரோடு இணைக்கவில்லை. 2023 ஜூலையிலிருந்து அப்படிப்பட்ட பேனுக்கு இரட்டிப்பாகவோ அதற்கு மேலோ பிடிக்கிறார்கள். வருமான வரித் தளத்தில் ஆதார் இணைப்பு நிலை என்று ஒரு பக்கம் இருக்கிறது, லாகின்கூட வேண்டாம், இரண்டு நம்பரையும் போட்டால் சொல்லிவிடும். அப்புறம் அதே தளத்தில் 26ஏஎஸ்-ஐ (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்) திறந்து அந்த 9,000 உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறியிருந்தால் பணம் பத்திரம், ரிட்டர்ன் போட்டு வாங்கிவிடலாம். ஏறவில்லை என்றால் கம்பெனிக்காரர்தான் அவருடைய டிடிஎஸ் கணக்கைத் திருத்திப் போட வேண்டும். படிவம் 16ஏ-யும் (வரி பிடித்ததற்கான சான்றிதழ்) கேளுங்கள், ஜனவரி–மார்ச் காலாண்டுக்கு ஜூன் 15-க்குள்ளேயே கொடுத்திருக்க வேண்டியது. போனில் வேண்டாம், மெயிலில் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை · மதியம் 2:30

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ரிட்டர்ன் 44ஏடிஏ பிரிவில் ஐடிஆர்-4 படிவத்தில் போடட்டும், வரவில் பாதி லாபம் என்று காட்டினால் போதும்.

வரிவாத்தியார் · மதியம் 3:12

44ஏடிஏ ஓவியருக்குக் கிடையாது. வக்கீல், டாக்டர், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர், உள் அலங்காரம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சினிமாக் கலைஞர் அதில் உண்டு, கல்யாண மண்டபத்தில் படம் வரைபவர் இல்லை. வியாபாரத்துக்கான 44ஏடி-தான் வரும், டிஜிட்டல் வரவில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 லாபமாகக் காட்ட வேண்டும்.

கணக்குப்பிள்ளை · மதியம் 3:20

194ஜே-யில் பிடித்ததை 44ஏடி-யில் காட்டினால் நோட்டீஸ் வரும். 22 வருஷமாக இதே வேலை பார்க்கிறேன்.

வரிவாத்தியார் · மதியம் 3:31

22 வருஷமாகச் சட்டத்தைத் திறந்து பார்க்கவில்லை போலிருக்கிறது. பிடித்தவர் எந்தப் பிரிவில் பிடித்தார் என்பதற்கும் நம் தொழில் எது என்பதற்கும் சம்பந்தமில்லை.

கணக்குப்பிள்ளை · மதியம் 3:34

சினிமாக் கலைஞரில் ஆர்ட் டைரக்டர் உண்டு, தெரியுமா?

வரிவாத்தியார் · மதியம் 3:36

அந்தத் தம்பி ஆர்ட் டைரக்டரா?

(இந்த இடத்தில் இருவரும் மாற்றி மாற்றி எழுதிய 11 பதில்கள் மடக்கப்பட்டுள்ளன)

பலகைப்படம் · மாலை 6:48

அண்ணன்மாரே, தம்பியின் மொத்த வரவே 5.4 லட்சம். அதில் ஒரு பைசாகூடச் செலவு கழிக்காமல் முழுசும் லாபம் என்று காட்டினாலும், போன நிதியாண்டுக்கு (2024-25) புதிய வரி முறையில் 7 லட்சம் வரை தள்ளுபடி போக வரி சுழி. எந்தப் பிரிவில் போட்டாலும் 9,000 முழுசாகத் திரும்பும். எதற்கு அடித்துக்கொள்கிறீர்கள்?

தம்பி, நான் தஞ்சாவூர்ப் படம் போடுகிறவள். உங்களுடைய இரண்டாவது கேள்வியை யாருமே தொடவில்லை, எனக்கு அதுதான் பெரிசாகத் தெரிகிறது. 2019 வரை எனக்கும் ஒரே பேங்க் கணக்குதான். அட்வான்ஸ் வரும், அதில் கேஸ் சிலிண்டர், பையனுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ், படம் முடிக்கிற நேரத்தில் தங்க ரேக்கு (படத்தில் ஒட்டும் மெல்லிய தங்கத் தாள்) வாங்கக் கடன். இப்போது அட்வான்ஸ் வந்த அன்றைக்கே ரேக்கையும் கல்லையும் வாங்கி, ஆர்டர்காரர் பெயர் எழுதின பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவேன். ஏப்ரலில் தங்கம் கிராம் 9,000-த்தைத் தாண்டினபோது எனக்கு மூன்று படம் கையில் இருந்தது, மூன்றுக்கும் டப்பா நிறைந்திருந்ததால் தப்பித்தேன். உங்களுக்கு ரேக்கு இல்லை, ஆனால் ரிசப்ஷனுக்கு வாங்குகிற அட்வான்ஸும் அந்த ராத்திரி வரைந்து முடிக்கும் வரைக்கும் உங்கள் பணம் இல்லை. கல்யாணம் தள்ளிப்போனால் திருப்பிக் கேட்பார்கள்.

இரண்டாவது கணக்கு ஒன்று திறந்து, க்யூஆர் கோடை அதற்கு மாற்றுங்கள். வருவதெல்லாம் அங்கேதான் விழ வேண்டும். அதிலிருந்து ஒன்றாம் தேதி வீட்டுக் கணக்குக்கு ஒரே ஒரு தடவை அனுப்புங்கள், அது உங்கள் சம்பளம். எவ்வளவு என்று கேட்டால், போன வருஷத்து ஆடியையும் மார்கழியையும் எடுத்துப் பாருங்கள், அந்த இரண்டு மாசமும் எப்படிச் சமாளித்தீர்களோ அதற்குப் பக்கத்தில் ஒரு தொகை. தை மாச வரவை வைத்துக்கொண்டு சம்பளம் போட்டால் ஆடியில் மாட்டிக்கொள்வீர்கள். இன்னும் ஒரு மாசத்தில் ஆடி வந்துவிடும், ஞாபகம் இருக்கிறதா? டேப்லெட் டியூ தொழில் கணக்கிலிருந்தே போகட்டும், அது வீட்டுச் செலவு இல்லை. எனக்கு நான் போட்டுக்கொள்கிற சம்பளம் 18,000, அது பத்தாமல் போகிற மாசமும் உண்டு, பொய் சொல்லவில்லை.

மீம்ஸ்_மாறன் · மாலை 7:05

அக்கா, பிஸ்கட் டப்பா செம. 😄

மியூச்சுவல்_முத்து · மாலை 7:30

இரண்டாவது கணக்கில் சும்மா கிடக்கிற பணத்தை லிக்விட் ஃபண்டில் போட்டால்...

பானு_ஈரோடு · மாலை 7:31

முத்து, முதலில் அங்கே பணம் கிடக்கட்டும்.

கரிக்கோல்_மதுரை · 20 ஜூன், காலை 9:50

பார்த்தேன். பானு அக்கா சொன்னது சரி, இணைக்கவே இல்லை. இணைக்கப் போனால் பெயர் ஒத்துப்போகவில்லை என்கிறது. ஆதாரில் வெறும் இனிஷியல், பேனில் அப்பா பெயர் முழுசாக. 26ஏஎஸ்-இல் 9,000 இருக்கிறது!!

பானு_ஈரோடு · காலை 10:12

இருக்கிறதா, அப்பாடா. இனிஷியல் தொல்லை நம் ஊரில் பாதிப் பேருக்கு உண்டு. பேன் கார்டையே சான்றாகக் கொண்டுபோய் ஆதார் மையத்தில் பெயரை விரித்து எழுதச் சொல்லுங்கள். அது மாறியதும் தாமதக் கட்டணம் 1,000 கட்டி இணையுங்கள். பேன் உயிர் பெற 30 நாள் வரை ஆகலாம், அதற்கு முன்னால் ரீஃபண்ட் தர மாட்டார்கள். இந்த வருஷம் (2025) ரிட்டர்ன் கெடு செப்டம்பர் 15 வரை நீட்டியிருக்கிறார்கள், அதனால் பதற்றம் வேண்டாம். ரீஃபண்ட் வர வேண்டிய பேங்க் கணக்கையும் தளத்தில் சரிபார்த்து வையுங்கள்.

கணக்குப்பிள்ளை · காலை 10:40

இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இரண்டு நாள் மிச்சம். ரிட்டர்னை 44ஏடிஏ-விலேயே போடுங்கள்.

வரிவாத்தியார் · காலை 10:41

44ஏடி.

கரிக்கோல்_மதுரை · 9 ஜூலை, இரவு 10:20

ஆதார் மாறிவிட்டது, 1,000 கட்டி இணைத்தாயிற்று, காத்திருக்கிறேன். புதுக் கணக்கில் 2,400 இருக்கிறது. பலகைப்படம் அக்கா, மாமா பொண்ணு நிச்சயத்துக்கு வந்து வரையச் சொல்கிறார்கள், அட்வான்ஸ் கேட்கலாமா?

பலகைப்படம் · 10 ஜூலை, காலை 5:55

சொந்தமாமாவா, தூரத்து மாமாவா?