"எஸ்கேப்மென்ற்" என்பதற்கு "விசைமடை": ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பழைய மணிக்கூடுகளைத் திருத்துவதைப் பொழுதுபோக்காகக் கொள்ள விரும்பும் கொழும்பு அன்பர்களுக்காக நாம் எழுதிவரும் கையேட்டில், சக்கரங்களைத் தடுத்துத் தடுத்து ஒவ்வொரு பல்லாக ஓடவிடும் "எஸ்கேப்மென்ற்" என்ற உறுப்புக்குரிய தமிழ்ச் சொல் இன்னும் முடிவாகவில்லை. ஊசல், பற்சக்கரம், சுருள்வில் ஆகியவற்றில் கருத்து வேறுபாடு இல்லை. கடிகாரமா மணிக்கூடா என்ற கேள்வியும், கொழும்புக் கோட்டையில் 1857இல் எழுந்து, பின்னர் கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்ட கோபுரத்தை மணிக்கூட்டுக் கோபுரம் என்று நம்மவர் அழைப்பதால், இந்நாட்டு வழக்கின்படியே தீர்ந்துவிட்டது.

இதுவரை வந்த சொற்களில் "தப்பி" ஆங்கிலச் சொல்லின் நிழல் மட்டுமே. தப்பிச் செல்வது சக்கரத்தின் பல்லேயன்றி இவ்வுறுப்பு அன்று. "விடுப்பி" அதனினும் மேலானது. ஆயினும் பிறர் கதையை ஆவலோடு துருவுவதை "விடுப்பு" என்று சொல்லி, விடுப்புக் கேட்பதையும் விடுப்புப் பார்ப்பதையும் நன்கறிந்த யாழ்ப்பாணத்து வாசகர் அதைப் படித்துச் சிரிக்காமல் இருப்பது கடினம். அதைவிடப் பெரிய குறை, அச்சொல் உறுப்பின் பாதி வேலையை மட்டும் கூறுவதாகும்.

சாவி கொடுத்து முறுக்கிய சுருள்வில்லைத் தடுக்க எதுவும் இல்லையென்றால், அதில் சேர்ந்த விசை முழுவதும் சிறிது நேரத்திற்குள் சக்கரங்களைத் தாறுமாறாகச் சுழற்றித் தீர்ந்துவிடும். ஊசல் மணிக்கூட்டில் நங்கூர வடிவத் துண்டொன்று சக்கரத்தின் ஒரு பல்லை விட்டவுடன் தன் மறுமுனையால் இன்னொரு பல்லைப் பிடித்துக்கொள்கிறது. நம் காதில் விழும் "டிக்" அந்தப் பல் வந்து மோதும் ஓசையே. அத்தோடு முடிவதில்லை. விடுபடும் பல், போகிற போக்கில் நங்கூரத்தின் சாய்ந்த முகத்தைத் தள்ளிச் செல்வதால் ஊசலுக்குச் சிறியதோர் உந்தல் கிடைக்கிறது. உராய்வாலும் காற்றுத் தடையாலும் ஊசல் இழந்ததை அதுவே ஈடுசெய்கிறது. ஏறத்தாழ 99.4 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஊசல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்லும் ஒரு வீச்சுக்கு ஒரு செக்கன் எடுக்கும். ஒரு பல் நகர இரண்டு வீச்சுகள் வேண்டியிருப்பதால், 30 பற்களுள்ள சக்கரம் சரியாக ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கிறது.

தடுத்தல், அளவாக விடுதல், விட்டதைக் கொண்டு ஊட்டுதல் என்ற மூன்றையும் ஒருங்கே குறிக்கும் சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. குளத்து நீரை மறித்து, வேண்டிய அளவு திறந்து, வயலுக்குப் பாய்ச்சுவது மடை. ஆகவே "விசைமடை" என்று முன்மொழிகிறேன். குளத்து மதகுக்கு வன்னியில் வழங்கும் "துருசு" இன்னும் துல்லியமாக இருக்கலாம். ஆனால் வெள்ளவத்தையில் வளர்ந்த பிள்ளைக்கு "மடை திறந்த வெள்ளம்" தெரிந்த அளவுக்குத் துருசு தெரியாது. மடை என்பது கோயிற் படையலையும் குறிக்குமே என்பார்க்கு, "விசை" முன்னே நிற்கையில் அம்மயக்கம் எழாது என்பதே என் விடை.

கிளைச்சொற்களும் இடர்ப்பாடின்றி அமைகின்றன: விசைமடைச் சக்கரம், நங்கூர விசைமடை, கைக்கடிகாரங்களில் பெருவழக்கான நெம்பு விசைமடை. இறுதியாகச் சொன்னதை 1755 அளவில் ஆங்கிலேயக் கடிகாரக் கைவினைஞர் தோமஸ் மட்ஜ் உருவாக்கினார். மணித்தியாலத்துக்கு 18,000 முறை துடிக்கும் பழைய கைக்கடிகாரங்களில் இருப்பதும் அதன் வழிவந்ததே.

கையேட்டு வாக்கியங்களில் இட்டுப் பார்த்தேன். "விசைமடையைக் கழற்றுமுன் சுருள்வில்லின் இறுக்கத்தை முழுவதும் தளர்த்துக." "கடற்காற்றுப் படும் வீடுகளில் இருந்த மணிக்கூடாயின், விசைமடையின் எஃகு முகங்களில் துருவோ பள்ளமோ உண்டா என நோக்குக." இரண்டும் தடையின்றி ஓடுகின்றன. முதலாவதில் "விடுப்பி" என்று போட்டால், எதை விடுவிப்பது என்ற குழப்பம் வரும். அதுவோ விரலுக்குக் காயம் நேரக்கூடிய கட்டம். புறக்கோட்டையில் மணிக்கூடு திருத்துவோர் ஆங்கிலச் சொல்லையே ஆள்வதால், முதல் முறை வருமிடத்தில் அதையும் தமிழெழுத்தில் உடன் தருவது நல்லது.

ஒன்று மட்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. நங்கூர விசைமடையில் ஒவ்வொரு பிடிப்பின்போதும் சக்கரம் சற்றே பின்னோக்கி உதைபடும். 1715 அளவில் ஆங்கிலேய மணிக்கூட்டுக் கைவினைஞர் ஜோர்ஜ் கிரகாம் கையாண்டு பரவச் செய்த வகையில் அவ்வுதைப்பு இல்லை. அதற்குப் "பின்னுதையா விசைமடை" என்று எழுதியிருக்கிறேன். பொருள் சரி, நாவுக்குத்தான் நீளம். இதனிற் குறுகிய சொல் எவருக்கேனும் தோன்றினால், கையேடு அச்சுக்குப் போகுமுன் தெரிவிக்க வேண்டுகிறேன்.