கலைச்சொல்: கையேட்டில் ‘நீர்ச்சேதம்’ போதுமா?

திருநகரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

ஐடிஐ மாணவர்களுக்கான வாகன மின்னணுக் கையேட்டில், தண்ணீரில் நின்ற கார்களைப் பற்றிய பாடம் வருகிறது. 2024 அக்டோபர் 25 மழையில் நம் மதுரையில் பந்தல்குடி கால்வாய் பெருகி செல்லூர்ப் பக்கம் தண்ணீர் புகுந்ததை எல்லோரும் அறிவோம். வைகையில் தண்ணீர் திறந்துவிட்டால் யானைக்கல் தரைப்பாலம் மூழ்குவதும் நமக்குப் பழக்கம். ஆகவே இந்தப் பாடம் நம்மூருக்குக் கட்டாயம் வேண்டும். ஈசியூ, பிசிஎம் போன்ற, வண்டியின் இன்ஜினையும் மற்ற பாகங்களையும் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டிகளுக்குப் பொதுப்பெயராகக் ‘கட்டுப்பெட்டி’ என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. தண்ணீரால் அவற்றுக்கு வரும் கேட்டை ‘நீர்ச்சேதம்’ என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு உண்டா?

சிம்மக்கல்லிலிருந்து:

அண்ணே, வணக்கம். எனக்கு மறுப்பு உண்டு.

‘நீர்ச்சேதம்’ என்று படிக்கிற பையன், பெட்டியைக் காயவைத்தால் போதும் என்று நினைப்பான். அரிசிக்குள் புதைப்பான், மொட்டைமாடி வெயிலில் வைப்பான். ஈரம் போகும். தண்ணீர் கொண்டுவந்த உப்பும் சேறும் போர்டிலேயே உட்கார்ந்திருக்கும். அடுத்த ஐப்பசியில் காற்று ஈரமானதும் அந்த உப்பே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வண்டி மறுபடி பட்டறைக்கு வரும்.

மின்சாரம் இல்லாத போர்டைச் சுத்தமான தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் கெடுத்துவிடாது. ஈரம், உப்பு, மின்னழுத்தம் மூன்றும் ஒன்றுசேரும்போதுதான் கேடு வேகமெடுக்கிறது. சாவியை எடுத்துவிட்டாலும் ஈசியூவின் ஏதாவது ஒரு பின்னில் பேட்டரியின் 12 வோல்ட் எந்நேரமும் நிற்கும். சில மில்லிமீட்டர் தள்ளி எர்த் பின் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் சாக்கடை கலந்த தண்ணீர் நின்றால் பாசிட்டிவ் பின் கரையத் தொடங்கும். ஓர் இரவு அப்படியே விட்டால் பின் இற்று, கப்ளரை (வயர் இணைப்பியை) பிடுங்கும்போது கையோடு வந்துவிடும். அதனால் சொல்லில் ‘மின்’ இருந்தே ஆக வேண்டும். ‘மின்னரிப்பு’ என்று வைக்கலாம். கேட்டதும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றக் கை போக வேண்டும்.

பாடத்தில் வேலை முறையையும் அதே வரிசையில் எழுதுங்கள். சாவி போடக் கூடாது, ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகம் ஏர்பேக்குக்குச் சொல்லும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். பிறகு சீட்டை இறக்கி கார்ப்பெட்டைத் தூக்க வேண்டும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும். அடியில் உள்ள ஃபோம் வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்.

பெட்டியைத் திறந்ததும் ஐபிஏவை (ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை) ஊற்றுவதுதான் பலர் செய்யும் தவறு. ஆல்கஹால் தண்ணீரை விரட்டும், ஆனால் உப்பை அவ்வளவாகக் கரைக்காது. முதலில் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி, மெல்லிய பிரஷ்ஷால் கப்ளர் பின்களின் அடி, ஐசிக் கால்களின் இடுக்கு எல்லாம் தேய்க்க வேண்டும். கலங்கல் நிற்கும்வரை இரண்டு மூன்று தடவை புதுத் தண்ணீர் மாற்ற வேண்டும். போர் தண்ணீர் ஆகவே ஆகாது. நம்மூர் போர் தண்ணீரில் இருக்கும் உப்பே போதும். அதன் பிறகு 99 சதவீத ஐபிஏ. கடைசியாக 50 முதல் 60 டிகிரியில் நான்கைந்து மணி நேரம் காய வேண்டும். ஹீட் கன் கூடாது: ஓரிடம் கருகும், ஐசிக்கு அடியில் ஈரம் அப்படியே நிற்கும். சில ஈசியூ போர்டுகளிலேயே காற்றழுத்த சென்சார் இருக்கும். அந்தத் துளைக்குள் எதுவும் போகக் கூடாது, ஒலியதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியிலும் அந்தப் போர்டைப் போடக் கூடாது.

திருப்பரங்குன்றத்திலிருந்து:

சிம்மக்கல் நண்பர் சொன்ன காரணம் சரி. சொல்லில் மட்டும் ஒரு திருத்தம். பள்ளிப் பாடநூலில் ‘அரிமானம்’ என்றுதான் மாணவர்கள் படித்திருக்கிறார்கள். ‘அரிப்பு’ அவர்களுக்கு மண்ணரிப்பு. ‘மின்னரிமானம்’ என்றால் தெரிந்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும்.

அதைவிட முக்கியமாக, இங்கே இரண்டு வேறு நிகழ்ச்சிகள் ஒரே பெயரில் கலந்துவிடும் ஆபத்து இருக்கிறது. பாசிட்டிவ் பக்கத்தில் செம்பு கரைந்து பச்சை உப்பாகப் படிகிறது. பட்டறையில் ‘பச்சை பிடிச்சிருச்சு’ என்பது இதைத்தான். தமிழில் இதற்குக் ‘களிம்பு’ என்ற பழைய சொல் உண்டு. ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையே செம்பில் களிம்புதான். இன்று களிம்பு என்றால் புண்ணுக்குப் போடும் மருந்து என்றாகிவிட்டதால் ‘செம்புக் களிம்பு’ என்று முழுதாக எழுதலாம்.

மற்றொன்று நெகட்டிவ் பக்கம் நடக்கிறது. கரைந்த உலோக அயனிகள் அங்கே போய் மறுபடி உலோகமாகப் படிந்து, அங்கிருந்து பாசிட்டிவை நோக்கிக் கிளைகிளையாக வளர்கின்றன. எதிர்ப்பக்கத்தைத் தொட்டதும் ஷார்ட். இது களிம்பு இல்லை, மின்சாரம் கடத்தும் உலோகம். இதற்கு ‘இழைப்பாலம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

பெயர் தனியாக இருந்தால்தான் பழுதும் விளங்கும். இழை மிக மெல்லியது. மின்னோட்டம் பாய்ந்தால் தானே எரிந்து அறுந்துவிடும். வண்டி சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஈரமும் மின்னழுத்தமும் மிச்சமிருந்தால் மறுபடி வளரும். காலையில் ஸ்கேனரில் வந்த கோளாறு மதியம் காணாமல் போய், இரண்டு நாளில் திரும்புவதற்கு இது ஒரு காரணம். ஸ்கேனர் காட்டிய கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டு வண்டியைக் கொடுத்தனுப்பினால் மாட்டிக்கொள்வோம். பத்து மடங்கு லென்ஸை வைத்து, அருகருகே உள்ள ஐசிக் கால்களுக்கு நடுவே சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் பெரணி இலை போன்ற சாம்பல் நிறக் கிளைகள் தெரியும். மேல்பூச்சு இருக்கும் போர்டிலும் நம்பி விட்டுவிடக் கூடாது. பூச்சில் விரிசல் இருந்தால் ஈரம் அதனடியில் தங்கும்.

கப்பலூரிலிருந்து:

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. வெள்ளத்தையே பார்க்காத வண்டியிலும் ஈசியூவுக்குள் தண்ணீர் இருக்கும். பெட்டி வெளியே காய்ந்து கிடக்கும், மூடியின் சீல் நன்றாக இருக்கும். தண்ணீர் வயரின் உள்ளேயே நடந்து வந்திருக்கும். எங்கோ ஒரு சென்சார் கப்ளரின் ரப்பர் கிழிந்தாலோ, யாரோ வயரைக் குத்திச் சோதித்துவிட்டு ஓட்டையை அப்படியே விட்டாலோ போதும். உள்ளே இருப்பது நுண்ணிய செம்பு இழைகளின் கட்டு. இழைகளின் இடைவெளி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு பெட்டி வரை கொண்டுபோகும். ஆயிலும் இதே வழியில் வருவதுண்டு. அகல் திரியில் எண்ணெய் ஏறுவதும் இப்படித்தான் என்பதால் ‘திரிக்கசிவு’ என்று சொல்லலாம் என நினைக்கிறேன். ‘நுண்புழை ஏற்றம்’ இயற்பியல் நிகழ்வின் பெயர், பழுதின் பெயர் இல்லை.

ஹார்னஸை (வயர்க் கட்டை) பெட்டிக்குள் நுழையும் முன் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் தண்ணீர் வராது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். வயரின் வெளித்தோலில் வழிகிற தண்ணீருக்குத்தான் அது தடை. திரிக்கசிவு உள்ளே நடப்பதால் அந்த வளைவு அதைத் தடுக்காது. சந்தேகப்படும் வயரைப் பெட்டிப் பக்கம் சிறிது சீவிப் பாருங்கள். செம்பு பளபளக்காமல் கறுத்திருந்தால் வந்த வழி அதுதான். பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டி, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டு இணைக்க வேண்டும். இதைச் செய்யாமல் புது ஈசியூ மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

வேம்பு, புங்க மரத்தடியில் நிற்கும் வண்டிகளுக்கு, முன்கண்ணாடிக்கு அடியில் உள்ள வடிகாலில் இலை அடைத்துத் தண்ணீர் உள்ளே வருவதையும் ஏசி வடிகுழாய் அடைப்பதையும் பாடத்தில் சேருங்கள். இவற்றுக்குப் புதுச்சொல் தேவையில்லை, ‘வடிகால் அடைப்பு’ போதும்.

திருநகரிலிருந்து:

மூன்றையும் ஏற்கலாம்: மின்னரிமானம், இழைப்பாலம், திரிக்கசிவு. பட்டறை வழக்கான ‘பச்சை பிடித்தல்’ மின்னரிமானத்தின் விளக்கத்தில் முதல் வரியாக இருக்கும். ‘நீர்ச்சேதம்’ இன்சூரன்ஸ் படிவம் பற்றிய பத்தியில் மட்டும் வரட்டும்.

பெட்டியைத் திருப்பி மாட்டிய பின் செய்யும் சோதனையை இப்படி எழுதியிருக்கிறேன்: பேட்டரியைக் கழற்றிய நிலையில் ஸ்கேனர் செருகும் ஓபிடி சாக்கெட்டில், பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் இரண்டு கேன் கம்பிகள் வரும் 6, 14 பின்களுக்கு இடையே 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால், முனையில் உள்ள இரண்டு 120 ஓம் தடைகளில் ஒன்று இணைப்பில் இல்லை. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு கம்பிகளும் எங்கோ ஒட்டியிருக்கின்றன. பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பார்க்க வேண்டும். சரிதானா?

சிம்மக்கல்லிலிருந்து:

சரிதான் அண்ணே. கேட்வே (பல கம்பி வலைகளை இணைக்கும் பெட்டி) உள்ள வண்டிகளில் அந்த 60 ஓம் ஸ்கேனர் பேசும் கம்பிக்கு மட்டுமே சாட்சி என்று ஒரு வரி சேருங்கள். மற்ற வலைகளைப் பெட்டிப் பக்கமே அளக்க வேண்டும்.

இன்னொன்று, இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்: கழுவிக் காயவைக்கும் முறை ஏர்பேக் கட்டுப்பெட்டிக்குப் பொருந்தாது. பல வண்டிகளில் அது நடு கன்சோலுக்கு அடியில், தரையோடு ஒட்டி இருப்பதால் வெள்ளத்தில் முதலில் நனைவதில் அதுவும் ஒன்று. நனைந்தால் புதிதாக மாற்றுவதுதான். கழுவிய பெட்டி ஸ்கேனரில் கோளாறு காட்டாமல் இருந்தாலும், மோதும்போது ஏர்பேக் வெடிக்குமா, சும்மா நிற்கும்போது வெடிக்குமா என்று பட்டறையில் வைத்துச் சோதிக்க வழியில்லை.