சேர்த்து வச்ச படத்துல ஒண்ணு, அதைக் கூட உக்காந்து பாத்த ஒருத்தர்

பழசு புதுசு பேதமில்ல, டிராமா படமா இருந்தா போதும். லிஸ்ட் போடாதீங்க, லிஸ்ட் எல்லார்கிட்டயும் இருக்கு. உங்க சேமிப்புல இருந்து ஒரு படம், அதை நீங்க யாருக்குப் போட்டுக் காட்டினீங்க, என்ன ஆச்சு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், பழைய வட ஆற்காடு மொத்தமும் வாங்க.

காட்பாடி ஜங்ஷன்:

காந்தி ரோட்டுக்குப் பின்னாடி லாட்ஜ் சந்துல எனக்கு ஜெராக்ஸ் கடை. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்ற பெங்காலிக்காரங்க தங்கற சந்து, தெரிஞ்சவங்களுக்கு மேல சொல்ல வேணாம். போர்டெல்லாம் பெங்காலியில, மெஸ்ல கடுகெண்ணெய் வாசனை, வர்றவங்க கையில எக்ஸ்ரே கவர். என் டிவிடியெல்லாம் கடையில பின் அலமாரியிலதான் இருக்கும். பாதி பர்மா பஜார்ல பொறுக்கினது.

ஒருநாள் சாயங்காலம் அறுபது வயசு இருக்கும் ஒரு பெங்காலிக்காரரு. சம்சாரத்தை அட்மிட் பண்ணியிருக்காரு, ரிப்போர்ட்டை நாலு காப்பி எடுக்கணும். மிஷின் ஓடறப்போ அலமாரியைப் பாத்தவரு ஒரு டிஸ்க் முதுகுல விரலை வச்சு நின்னுட்டாரு. ரித்விக் கட்டக்கோட ‘மேகே டாக்கா தாரா’, 1960. எனக்கு ஒரே பெருமை. வேலூர்க்காரன் ஒருத்தன் கட்டக் படம் வச்சிருக்கான்னு அவரு ஊர்ல போய்ச் சொல்வாரு இல்ல? ‘போசுன்’னு, அதாவது உக்காருங்கன்னு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிட்டுப் படத்தைப் போட்டேன்.

கதை உங்களுக்கே தெரியும். அகதியா வந்த குடும்பம், நீத்தா ஒருத்தி சம்பளத்துல எல்லாரும் மேல வர்றாங்க, கடைசியில அவளுக்குக் காசநோய். எனக்கும் தெரியும். இன்னொண்ணும் தெரியும். அந்த ரிப்போர்ட்டை நான்தானே காப்பி எடுத்தேன், முதல் வரியிலயே நுரையீரல்னு இருந்துச்சு. அப்புறமும் போட்டேன்.

ஷில்லாங் மலை வந்துச்சு. அண்ணன் பக்கத்துல உக்காந்து வீட்டுக் கதை பேசறான். அடுத்தது அந்தக் கதறல், ‘நான் வாழணும்னு ஆசைப்பட்டேன் அண்ணா’. அதுக்கு முன்னாடி அவரு கை எனக்கு மேல வந்து ஸ்பேஸ் பாரைத் தட்டுச்சு. திரையில நீத்தா வாய் பாதி திறந்தபடி நிக்குது. ‘இதை நான் பாத்திருக்கேன், இப்போ வேணாம்’னு இந்தியில சொன்னாரு. நாலு காப்பிக்கு நாலு ரூபாய், காயினா எண்ணி மேஜையில வச்சாரு. நானும் வாங்கி டிராயர்ல போட்டேன். அதான் இன்னிக்கும் குடையுது, வேணாம்னு ஒரு வார்த்தை வரல எனக்கு. அதுக்கப்புறம் நாலஞ்சு தடவை வந்தாரு. வெளியிலயே நின்னு பேப்பரை நீட்டுவாரு.

ஆம்பூர் பச்சடி:

அண்ணா, படிக்கவே கஷ்டமா கீது. ஆனா ஒரு சண்டை பாக்கி கீது. மேகே டாக்கா தாராவைத் தூக்கி வச்சுப் பேசறவங்க ‘அவள் ஒரு தொடர்கதை’யை (1974) நகல்னு ஒதுக்கிடறாங்க. நீங்க சொல்லல, சொல்றதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். முடிவு ஒண்ணா? அங்க நீத்தாவை நோய் எடுத்துக்கினு போவுது. இங்க அதே மாதிரி வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கற கவிதாவை பாலசந்தர் சாவ விடல, கல்யாணத்துக்கும் விடல, திரும்ப வேலைக்கு அனுப்பிட்டாரு. எது கொடூரம்னு நீங்களே சொல்லுங்க.

எங்க அக்கா ஷூ கம்பெனியில தையல் மிஷின்ல பதினாலு வருஷம். அவ சம்பளத்துல நான் பி.காம். லேப்டாப் வாங்கின புதுசுல, உனக்குப் புடிக்கும்னு நானே போட்டுக் காட்டினேன். அழுவான்னு பாத்தேன். படம் முடிஞ்சதும் எழுந்து போய் டிபன் பாக்ஸைத் தேய்ச்சுக்கினே, ‘அப்போ நாளைக்கும் அவளுக்கு அதே பஸ்ஸுதான்’னா. அவ்ளோதான். மறுநாள் காலையில 6.40 பஸ்ஸுக்கு அவளை வண்டியில கொண்டு போய் விட்டேன். அதுவரைக்கும் ஒருநாளும் விட்டதில்ல.

குடியாத்தம் ரிட்டயர்டு:

காட்பாடி தம்பி, டிவிடியைக் கடை அலமாரியில வச்சிருக்கேன்னு சாதாரணமாச் சொல்றீங்க. நம்ம ஊர் மே மாச வெயிலுக்கு அது தாங்குமா? என் கதை சின்னது. தூர்தர்ஷன்ல ‘பராசக்தி’ போட்டப்போ விஎச்எஸ்ல பிடிச்சு வச்சேன். பல வருஷம் கழிச்சு மாமனாருக்குப் போட்டா டேப்புல வெள்ளைப் பூஞ்சை. கோர்ட் சீன்ல சிவாஜி முகம் மேல கோடு கோடா ஓடுது. மாமனார் கண்ணை மூடிக்கினு ‘பரவால்ல மாப்ள, விடுங்க’ன்னு மொத்த வசனத்தையும் அவரே சொல்லி முடிச்சாரு.

வேலூர்க்காரங்களுக்கு அந்தப் படம் வீட்டுப் படம் மாதிரி. நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார் நம்ம வேலூர்தான். நாடகத்துல நூர்ஜஹான் வேஷம் கட்டின பையனைப் பாத்து, இவன்தான் ஹீரோன்னு பிடிச்சவரு. ஏவி மெய்யப்பச் செட்டியார் வேற ஆளைப் போடலாம்னு சொல்லியும் அசையல. 1952 தீபாவளிக்குப் படம் வந்துச்சு. அந்த நன்றிக்கு சிவாஜி பொங்கலுக்குப் பொங்கல் வேலூர் வந்து அவரைப் பாத்துட்டுப் போவாராம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எல்லாரும் குறிச்சுக்கோங்க. ஒரு காப்பி காப்பியே இல்ல. ரெண்டு ஹார்டு டிஸ்க், ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கக் கூடாது, ஒண்ணு பொண்ணு வீட்டுல. ஆறு மாசத்துக்கு ஒருக்கா சொருகிப் பாக்கணும், டிக் டிக்குனு சத்தம் வந்தா அன்னிக்கே மாத்திடணும். பைல் பேர்ல வருஷம் கட்டாயம். என்கிட்ட வெறும் ‘தேவதாஸ்’னு மூணு பைல்; 1953 நாகேஸ்வர ராவா, 1955 திலீப் குமாரா, 2002 ஷாருக்கானான்னு திறந்தாத்தான் தெரியுது. பழைய விசிடி வச்சிருக்கறவங்க உடனே கம்ப்யூட்டர்ல ஏத்துங்க, ஒரு படம் ரெண்டு மூணு டிஸ்க்குல வரும். டிஸ்க்கைத் துடைக்கறப்போ வட்டமா துடைக்காதீங்க, நடுவுலேர்ந்து ஓரத்துக்கு. நாப்தலின் உருண்டை போடாதீங்க. படுக்க வைக்காம நிக்க வைங்க. இன்னும் இருக்கு, கேட்டா சொல்றேன்.

ஃபேஸ் 2 வீட்டுக்காரி:

யாரும் கேக்கலயே சார். 🙂

சத்துவாச்சாரியில எங்க வீட்டு மேல மாடி எடுத்துக்கிட்டிருந்தோம். மதியச் சாப்பாட்டுக்கு ஆளுங்க போர்ட்டிகோவுல உக்காருவாங்க, அங்கிருந்து எங்க ஹால் டிவி தெரியும். வீடு கட்டறோமேன்னு வேடிக்கையாத்தான் பாலு மகேந்திராவோட ‘வீடு’ (1988) ஓட விட்டேன். பாட்டே கிடையாது அந்தப் படத்துல, இதையெல்லாம் யார் பாப்பாங்கன்னு நினைச்சேன். காண்ட்ராக்டர் சிமெண்டைத் திருடறதை சித்தாள் மங்கம்மா, வீடு கட்டற சுதாகிட்ட போட்டு உடைக்கிற இடம் வந்தப்போ போர்ட்டிகோவுல பேச்சு நின்னுடுச்சு. ஒரு சித்தாள் அக்கா, சோத்து உருண்டை கையில அப்படியே இருக்கு, வாய்க்குப் போகல. மேஸ்திரி டப்பாவுல பாதிச் சோறு இருக்கும்போதே கை கழுவ எழுந்துட்டாரு.

மறுநாள் சிமெண்ட் வண்டி வந்துச்சு. அந்த அக்கா மணல் மேட்டு மேல ஏறி நின்னுக்கிட்டு ஊருக்கே கேக்கற மாதிரி எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. ‘லாபம், ரெண்டு, மூணு...’ இருபத்திநாலுல நின்னு என்னைப் பாத்தாங்க. பில்லுல இருபத்தஞ்சு. மேஸ்திரி சிரிச்சுக்கிட்டே, ‘இன்னாம்மா, கடைக்காரன் தப்பா ஏத்திட்டான் போலகீது’ன்னாரு. சாயங்காலம் ஒரு மூட்டை வந்துடுச்சு.

அடுத்த திங்கட்கிழமை அந்த அக்கா வேலைக்கு வரல. கேட்டதுக்கு ‘ஊருக்குப் பூட்டாங்கம்மா’ன்னாரு. ரூஃப் போடற நேரம், அவரை விட்டா வேற ஆள் கிடைக்காது, நான் அதுக்கு மேல கேக்கல. படத்துல சுதா காண்ட்ராக்டரைத்தான் அனுப்புவா, மங்கம்மா கூடவே நிப்பா. இப்போ மாடி முடிஞ்சு வாடகைக்கு விட்டாச்சு. அந்தப் படம் இன்னும் பென்டிரைவ்லதான் இருக்கு, போட்டுப் பாக்கல.

குடியாத்தம் ரிட்டயர்டு:

அம்மா, மூட்டையை எண்ணினா மட்டும் போதாது, எடை போடணும். ஒரு மூட்டை 50 கிலோ. வாய்த் தையலைப் பாத்தாலே பிரிச்சுக் கட்டினதா இல்லையான்னு தெரியும். கம்பி வாங்கறப்போ

ஆம்பூர் பச்சடி:

சார். படம் சார்.

பாலாத்துப் பாலம்:

எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி, யாராவது பதில் தெரிஞ்சா சொல்லுங்க. 2020 ஊரடங்குல பையனுக்கு மகேந்திரன் படமா காட்டிக்கினு இருந்தேன். அப்போ அவனுக்குப் பத்து வயசு. ‘முள்ளும் மலரும்’ புடிச்சுது. ‘உதிரிப்பூக்கள்’ (1979) போட்டேன். சின்ன வயசுக்கு அது வேணாம்னு என் சம்சாரம் சொன்னா, நான்தான் கேக்கல. புதுமைப்பித்தனோட ‘சிற்றன்னை’யில ஆரம்பிச்ச படம், இளையராஜா, அசோக்குமார் கேமரான்னு அவன்கிட்ட லெக்சர் வேற. கடைசியில ஊர்க்காரங்க எல்லாரும் சேர்ந்து, கொடுமைக்காரனா இருந்த அந்த ஆளை ஆத்துக்குள்ள இறங்க வைக்கிறாங்க, அவனோட ரெண்டு புள்ளைங்க கரையில. எனக்குத் தொண்டை அடைக்குது. பையன் கேக்கறான், ‘நைனா, ஆத்துல எப்படி முழுகுவாங்க?’

அவன் மேல தப்பில்ல. பாலாறுன்னா அவனுக்கு மணலும் முள்ளுச் செடியும் கிரிக்கெட்டும்தான்.

2021 நவம்பர்ல வெள்ளம் வந்துச்சு இல்ல, ஊரே பாலத்துல நின்னுச்சே. நானும் அவனைக் கூட்டிக்கினு போனேன். செம்மண் கலர்ல, கரைக்குக் கரை. சத்தத்துல பேசறதே கேக்கல. எல்லாரும் செல்போன்ல பிடிச்சுக்கினு இருக்காங்க, இவன் மட்டும் கைப்பிடிச் சுவர்கிட்ட வராம என் சட்டையைப் பின்னாடி பிடிச்சுக்கினு நின்னான். ரொம்ப நேரம் கழிச்சு காதுகிட்ட வந்து கேட்டான். ‘அந்தப் புள்ளைங்கள அப்புறம் யாரு வூட்டுக்குக் கூட்டினு போனாங்க நைனா?’

எத்தனை தடவை பாத்திருக்கேன் அந்தப் படத்தை. ராத்திரி வந்து மறுபடி கடைசி ரீலை ஓட்டிப் பாத்தேன். அவன் தூங்கிட்டான்.