போர்ட்லாண்ட் யார் கப்பல்?

கணக்குப்பிள்ளை: நேற்று இங்கே ஒருவர், "1897-ல் கனடாவின் க்ளோண்டைக் பகுதியில் கிடைத்த தங்கத்தை அமெரிக்காவின் சியாட்டிலுக்குக் கொண்டுவந்ததே யூத வணிகர் ஷ்வாபாகரின் கப்பல்தான்" என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஜூலை 17-ல் வந்த போர்ட்லாண்ட், நார்த் அமெரிக்கன் டிரான்ஸ்போர்ட்டேஷன் அண்ட் டிரேடிங் கம்பெனியின் கப்பல். அது வந்து நின்ற கப்பல் துறைதான் ஷ்வாபாகருடையது.

பனிக்கரடி: எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே எழுதுங்க, பயமில்லை. 68 பேர் தங்கத்தோட இறங்கினது அந்தத் துறையிலதானே? ஷ்வாபாகர், ஜெர்மனியில பவேரியாவிலிருந்து வந்த குடும்பம். 1860-கள்லயே வாலா வாலாங்கிற ஊர்ல சுரங்கக்காரங்களுக்குச் சரக்கு வித்தவங்க. 1869-ல் சியாட்டில்ல கடை போட்டாங்க. தங்கம் தேடிப் போற கூட்டம் வந்தப்போ கொடுக்க அவங்ககிட்ட சரக்கு இருந்தது. நான் சொல்ல வந்தது அதை.

கணக்குப்பிள்ளை: கடையை யார் மறுத்தது? கப்பல் என்று எழுதினீர்களா, இல்லையா?

ஊசிமுனை: எதுவா இருந்தா என்ன? தோண்டினவன் செத்தான், வித்தவன் கொழுத்தான். யூத வியாபாரின்னாலே அப்படித்தான்.

பனிக்கரடி: அந்த "ன்னாலே"வை வாபஸ் வாங்குங்க. சியாட்டில்ல சரக்கு வித்தவங்க எல்லா இனத்திலயும் இருந்தாங்க. ஒவ்வொருத்தனும் ஒரு டன் சரக்கு சுமந்தது கடைக்காரன் பேச்சை நம்பி இல்ல. 1897 கடைசியில யூகான் ஆத்துல தண்ணி வத்தி, க்ளோண்டைக் சுரங்கக்காரங்க ஊரான டாசனுக்கு வர வேண்டிய கப்பல் வரல. ஊரே பட்டினிக்குப் பயந்தது. அதனாலதான் மறு வருஷம் ஆரம்பத்துல, ஒரு வருஷச் சாப்பாடு கையில இல்லாதவனைக் கனடாக் குதிரைப் போலீஸ் க்ளோண்டைக் போற மலைக் கணவாய் உச்சியிலயே திருப்பி அனுப்பினாங்க. சியாட்டில் கூப்பர் அண்ட் லெவி கடை வாசல்ல எடுத்த போட்டோவைப் பாருங்க. நடைபாதையில ஆள் உயரத்துக்கு மேல மூட்டை. ஒருத்தனுக்கு மாவு மட்டும் 400 பவுண்டு, அதுக்கு மேல உப்பிட்ட பன்றிக்கறி, பீன்ஸ், சர்க்கரை. அந்த வழியில இருக்கிற சில்கூட் கணவாயில பனியில வெட்டின படியில அதை முதுகுல வச்சு முப்பது நாற்பது நடை ஏத்தினான். அந்த மாவுதான் அவனைக் காப்பாத்தினது. வித்தவனைத் திட்டுறீங்களே, வெறுங்கையோட போயிருந்தா என்ன ஆகியிருப்பான்?

ஊசிமுனை: வாபஸ் எல்லாம் கிடையாது. போன மாசம் கோலார் பத்தின விவாத இழையில பாதியில ஓடினவர்தானே நீங்க?

பனிக்கரடி: ஓடல. அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தேன்.

தென்கடல்: தங்கத்தை விடுங்கள். அலாஸ்கா கமர்ஷியல் கம்பெனியின் லூயி ஸ்லாஸ், லூயிஸ் கெர்ஸ்டில், இருவரும் பவேரிய யூதர்கள். 1870 முதல் 20 வருடம் அலாஸ்காவின் பிரிபிலாஃப் தீவுகளில் சீல் என்னும் கடல் விலங்கை வேட்டையாடும் குத்தகை அவர்கள் கம்பெனியிடம்தான். சீல்களை அடித்துத் தோலுரித்தது அங்கே வாழ்ந்த உனாங்கன் பழங்குடி மக்கள். லாபம் சான் பிரான்சிஸ்கோ போனது. அந்த மக்களைப் பற்றி இங்கே ஒருவரும் மூச்சு விடவில்லை.

பனிக்கரடி: அந்தக் குத்தகையைக் கொடுத்தது அமெரிக்க அரசு. அதையும் சேர்த்து எழுதுங்க.

கணக்குப்பிள்ளை: தென்கடல் சொன்ன கம்பெனியின் கப்பல்தான் எக்செல்சியர். போர்ட்லாண்டுக்கு ஓரிரு நாள் முன்பே தங்கத்தோடு சான் பிரான்சிஸ்கோ வந்தது. அதைச் சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.

பனிக்கரடி: ஆக, யூத வணிகர் கப்பல்ல தங்கம் வந்ததுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க.

கணக்குப்பிள்ளை: நீங்கள் எழுதிய ஊர் சியாட்டில். சொன்ன பெயர் ஷ்வாபாகர். இரண்டும் பொருந்தாது. திருத்தம் போடுங்கள்.

பனிக்கரடி: துறை இல்லாம கப்பல் எங்க நிக்கும்? திருத்தம் கிடையாது.

தென்கடல்: உனாங்கன் மக்களைப் பற்றி மறுபடியும் யாரும் பேசவில்லை.

ஊசிமுனை: ஷ்வாபாகர் கூட்டாளி பெய்லி கேட்சர்ட் சியாட்டில் மேயராவே இருந்தவன். க்ளோண்டைக் காசை முதல்ல அள்ளினது அவன்தான்.

கணக்குப்பிள்ளை: கேட்சர்ட் மேயரானது 1875-ல். இறந்தது 1893-ல். போர்ட்லாண்ட் வந்தது 1897-ல். பனிக்கரடி, திருத்தம் இன்னும் வரவில்லை.