அலாரம் அடித்தால் மட்டும் போதுமா? அம்மாவின் இதய மாத்திரைகளும் எங்கள் அனுபவமும்

உசிலம்பட்டிக்கு அருகில் தனியாக வசிக்கும் என் தாயாருக்கு, எழுபது வயதைக் கடந்த பிறகு இதய இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு மதுரையில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்தே வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்தார்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் பொதுவாக ஓராண்டு வரை சேர்த்தே போட வேண்டும், இடையில் நாமாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம் என்று மருத்துவர் எச்சரித்ததால், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் நான் அவருடைய கைப்பேசியில் மருந்து நினைவூட்டும் செயலி ஒன்றை ஏற்றிக் கொடுத்தேன்.

அது பெரிதாக உதவவில்லை. திரையில் தெரியும் பொத்தானை அழுத்தினால் சத்தம் நின்றுவிடும் என்பதை அம்மா விரைவில் கண்டுகொண்டார். செயலியோ மாத்திரை போட்டாயிற்று என்று கணக்கு எழுதிக்கொண்டது. அதனால் அதை நீக்கிவிட்டு, என் மகளின் குரலைப் பதிவு செய்து அலாரமாக வைத்தோம். "அப்பத்தா, சாப்பிட்டாச்சா? மாத்திரையக் கையில வச்சு எனக்கு ஒரு போட்டோ அனுப்பிட்டுப் போடு" என்று பேத்தி கேட்கும்போது அணைக்க மனம் வருவதில்லை. தொடர் நாடகங்களைக் கைப்பேசியிலேயே பார்க்கப் பழகியவருக்குப் படம் அனுப்புவதும் எளிதாகவே வந்துவிட்டது.

அந்தப் படங்களால் நான் எதிர்பாராத ஒரு பயனும் கிடைத்தது. மறுபரிசோதனையின்போது மருத்துவர் தனித்தனி மாத்திரைகளை நிறுத்தி, ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் மூன்றும் சேர்ந்த ஒரே கேப்சூலாக எழுதிக் கொடுத்திருந்தார். காசு கொடுத்து வாங்கியதை வீணாக்குவதா என்று, பிஸ்கட் டப்பாவில் மீதமிருந்த பழைய அட்டைகளையும் அம்மா தொடர்ந்திருக்கிறார். உள்ளங்கையில் புதிய கேப்சூலும் பழைய வெள்ளை மாத்திரையும் ஒன்றாக இருந்த படத்தைப் பார்த்த பிறகே, இரத்தக் கசிவுக்கு இடம் தரக்கூடிய அளவில் ஆஸ்பிரின் இரண்டு மடங்காக உள்ளே போவது தெரிந்தது.

சிறுநீரை அதிகமாகப் பிரிய வைக்கும் நீர் மாத்திரை ஒன்றும் அம்மாவுக்கு உண்டு; அந்த விஷயத்தில் மட்டும் பேத்தியின் குரலும் எடுபடவில்லை. மதுரைக்குப் போகும் நாள்களில் அதை வேண்டுமென்றே விட்டுவிடுவார்; பேருந்து மதுரை ஆரப்பாளையம் நிலையத்துக்கு வந்து சேரும்வரை சிறுநீரை அடக்க முடியாதே என்ற அச்சம்தான் காரணம். வீடியோ அழைப்பில் கூச்சத்தோடு இதைச் சொன்னபோது, அவருடைய உடல்நிலையைப் பார்த்துவந்த மருத்துவர், பயண நாளில் வீடு திரும்பியதும் மாலை 4 மணிக்குள் போட்டுக்கொள்ள அனுமதித்தார். வேறு யாரும் தம் மருத்துவரைக் கேட்காமல் அப்படி நேரத்தை மாற்றக் கூடாது. பயண நாள்களுக்கென்று இப்போது தனி அலாரம் வைத்திருக்கிறோம்.