ஓஎல் (சாதாரண தர) சோதனை முடிந்த பிறகு பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ஒட்டுசுட்டான் பக்கத்து ஆசிரியை:

பதினோராம் ஆண்டுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வர மாதக்கணக்கில் ஆகும். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் கைநழுவிப் போவது அந்த இடைவெளியில்தான். பொடியன்கள் வயலுக்கும் கடலுக்கும் கொழும்புக் கடைகளுக்கும் போய்விடுவார்கள். பெண்பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். கையில் காசு புழங்கத் தொடங்கிய பிள்ளையைத் திரும்பவும் படிப்புக்குக் கூப்பிடுவது லேசான காரியமில்லை.

உயர்தரம் படிக்க வழமையான நிபந்தனை எல்லோருக்கும் தெரியும்: தாய்மொழி, கணிதம் உட்பட ஆறு பாடத்தில் சித்தி, அதில் குறைந்தது மூன்று 'சி' (திறமைச் சித்தி). மற்ற எட்டுப் பாடத்திலும் தேறி, கணிதத்தில் மட்டும் 'டபிள்யூ' (சித்தியில்லை) வந்து சுருண்டு படுத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வகுப்பில் ஒருவன் இருந்தான். லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) எஞ்சினைத் தனியே கழற்றிப் பூட்டுவான். ஊரில் யாருடைய தண்ணீர்ப் பம்பி நின்றாலும் அவனைத்தான் தேடுவார்கள். பெறுபேறு வந்த அன்று, "இனிப் படிப்புச் சரிவராது மிஸ்" என்றான். தொழிற்பயிற்சி விண்ணப்பப் படிவம் ஒன்றைக் கொடுத்து, என் முன்னாலேயே நிரப்பச் சொன்னேன். பெயரை அழகாக எழுதினான். கிராம சேவையாளர் பிரிவு, பிரதேச செயலகம் என்ற கோடுகளுக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது. பதினொரு வருடம் பள்ளிக்கூடம் வந்த பிள்ளை. ஒரு படிவம் எப்படி இருக்கும் என்று அவனுக்கு ஒருநாளும் யாரும் காட்டியதில்லை. இப்போது மோட்டார் வாகனத் திருத்துநர் பயிற்சியில் இருக்கிறான். அன்றைக்கு அவன் பாடசாலைப் பக்கம் வராமல் விட்டிருந்தால்?

கிளிநொச்சி, பயிற்சி முடித்தவர்:

மிஸ் சொல்வது முழுக்க உண்மை. நான் அறிவியல் நகரில் இருக்கிற இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் படித்தவன். சேரப் போகிறேன் என்றதும் வீட்டில் பெரிய சண்டை. அப்பா மேசன். "நான் படுகிற பாடு போதாதென்று நீயும் கைவேலைக்கா?" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. என்விகியூ என்கிற தேசிய தொழில் தகைமையில் ஏழு மட்டங்கள் இருக்கின்றன, 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம், படிப்படியாக ஏறலாம் என்று விளங்கப்படுத்திய பிறகுதான் ஆள் இறங்கி வந்தார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் சந்தோஷம். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களை நேரே சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறையும் அதில் உண்டு. அப்பாவையும் அதற்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய சான்றிதழ் இப்போது வீட்டு விறாந்தையில் தொங்குகிறது.

விசுவமடு, ஒரு தாய்:

படிப்பை விடுங்கள், முதலில் பத்திரங்களைப் பாருங்கள். என் மகள் 2009இல் நாங்கள் இடம்பெயர்ந்து ஓடிக்கொண்டிருந்த காலத்தில் பிறந்தவள். பதிவு பிந்தித்தான் செய்தோம். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, பாடசாலை இடாப்பில் வேறொரு மாதிரி. சோதனைக்கு அடையாள அட்டை எடுக்கும்போதுதான் அது தெரிய வந்தது. விதானையாரிடம் (கிராம சேவையாளர்), பிரதேச செயலகத்துக்கு, கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) என்று நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. பிள்ளை படிக்க வேண்டிய நேரத்தில் அழுதுகொண்டிருந்தாள். ஒன்பதாம் ஆண்டிலேயே இதைச் சரிபார்த்து விடுங்கள். எங்கள் பகுதியில் இந்தப் பிரச்சினை உள்ள வீடுகள் நிறைய.

வவுனியா, பல்கலைக்கழக மாணவன்:

ஏஎல் (உயர்தரம்) பக்கமும் ஒரு விஷயம். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்கும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இது தெரியாமல், இசட் புள்ளி (அனுமதிக்குப் பார்க்கும் ஏஎல் புள்ளி) குறைவு என்று விண்ணப்பமே போடாமல் விட்ட நண்பன் எனக்கு இருக்கிறான். அதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்காது. பெறுபேறு எப்படி வந்தாலும், தகுதி இருந்தால் விண்ணப்பத்தைப் போடுங்கள். ஏஎல் சோதனையை மூன்று முறை எழுதலாம், முதல் முறையோடு விட வேண்டாம்.

ஒட்டுசுட்டான் பக்கத்து ஆசிரியை:

எழுதின எல்லோருக்கும் நன்றி. அம்மா சொன்ன பெயர்ப் பிரச்சினையை நாளைக்கே ஒன்பதாம் ஆண்டு வகுப்பாசிரியரிடம் கதைக்கிறேன்.

இந்த முறை சோதனை முடிகிற கிழமையே, பிள்ளைகள் கலைந்து போக முன்னர், ஒரு நாள் ஒதுக்கித்தர அதிபர் சம்மதித்திருக்கிறார். தொழிற்பயிற்சி அதிகாரசபை ஆட்களைக் கூப்பிடப் போகிறோம். படிவங்களை அங்கேயே நிரப்பப் பழக்குவோம். பெற்றோரும் வர வேண்டும். அப்பாமார் கட்டாயம்.

2017இல் தொடங்கின 13 வருட உத்தரவாதக் கல்வியையும் அன்றைக்கு விளங்கப்படுத்த வேண்டும். ஓஎல்லில் தேறாத பிள்ளையும் அதன் தொழிற்கல்விப் பிரிவில் பாடசாலையிலேயே தொடர்ந்து படிக்கலாம். ஆனால் எல்லாப் பாடசாலையிலும் அது இல்லை. மல்லாவி, துணுக்காய், மாங்குளம் பக்கத்தில் இருப்பவர்கள், உங்களுக்குக் கிட்ட எந்தப் பாடசாலையில் அந்தப் பிரிவு நடக்கிறது, என்ன பாடங்கள், காலையில் போக பஸ் இருக்கிறதா என்று எழுதுங்கள். அச்சடித்துப் பிள்ளைகளின் கையில் கொடுக்கிறேன்.